பம்பரம் போல் உறங்கும் அம்பு: வால் மெலிந்த மரத்தண்டில் அகல முனை பொருத்தும் முறை

அகல முனை மாட்டிய அம்பை, முனை கீழே இருக்கும்படி ஒரு மரக்கட்டையின் மேல் நிறுத்தி, இறகுப் பக்கத்தை இரண்டு விரலால் திருகிவிட்டால் அது பம்பரம் போல் சுற்றும். நன்றாகச் சுற்றும் பம்பரத்தைப் பார்த்து ‘உறங்குது’ என்போமே, நல்ல அம்பும் அப்படித்தான் உறங்கும். முனையும் தண்டும் சேரும் இடம் துளியும் அசையாது. சுற்றுகிறதா, நிற்கிறதா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். கோணலாகப் பொருந்திய அம்பில் அதே இடம் மங்கலாகப் புடைத்தாற்போல் தெரியும். விரலில் கிறுகிறுவென்று அதிர்வு ஏறும். அந்த உறக்கத்தை எப்படி வரவழைப்பது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக்குப் போடும் உருண்டை முனை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அம்பு பெரும்பாலும் மன்னித்துவிடும். பிராட்ஹெட் என்கிற அகல முனை மன்னிக்காது. அதன் அலகுகள், அதாவது கத்தி போன்ற தகடுகள், அம்பின் முன்னால் இரண்டு சிறகு வைத்ததுபோல் காற்றைப் பிடிக்கும். பின்னால் இருக்கும் இறகு ஒரு பக்கம் திருத்தப் பார்க்கும், முன்னால் இருக்கும் அலகு இன்னொரு பக்கம் இழுக்கும். இணைப்பிலிருந்து நுனிவரை 75 மில்லிமீட்டர் நீளமுள்ள முனை ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் நுனி 1.3 மில்லிமீட்டர் விலகி நிற்கும். மேசையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவு. இருபது அடி தாண்டியதும் அம்பு பாம்பு போல் நெளிவதில் அது தெரிந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முனையை நேராக நிறுத்துவது பசை இல்லை, தண்டின் நுனியில் சீவும் கூம்புதான். கூம்பு சரியாக வந்துவிட்டால் சாதாரணப் பசையே போதும். கூம்பு தவறினால் உலகத்தில் எந்தப் பசையும் காப்பாற்றாது. அதனால் கூம்பைப் பற்றி நீளமாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதப் போகிறேன்.

இரண்டு சொல்லை மட்டும் ஒப்புக்கொண்டு போவோம். முனையின் அடியில் தண்டு நுழையும் கூம்புக் குழாயை, உலக்கைப் பூண் மாதிரி இருப்பதால், பூண் என்கிறேன். தண்டின் பின்னால் நாணில் மாட்டும் பிளவுக்குக் குதை என்ற நல்ல பழைய சொல் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன்.

தண்டைத் தேர்ந்தெடுப்பது

மரத்தண்டுகள் வழக்கமாக மூன்று விட்டங்களில் வருகின்றன: 5/16 அங்குலம் (7.9 மி.மீ.), 11/32 அங்குலம் (8.7 மி.மீ.), 23/64 அங்குலம் (9.1 மி.மீ.). முனையின் பூணும் அதே கணக்கில்தான் வரும். தண்டு எந்த அளவோ அந்த அளவுப் பூணையே வாங்குங்கள். தடித்த தண்டில் சிறிய பூணைப் போட்டால் விளிம்புக்குப் பின்னால் மரம் தோள் தூக்கி நிற்கும். மெல்லிய தண்டில் பெரிய பூணைப் போட்டால் இரும்பு விளிம்பு வெளியே துருத்தி நிற்கும். பறப்பதற்கு இரண்டும் பெரிய தடை இல்லைதான். ஆனால் இலக்கிலிருந்து அம்பை உருவும்போது துருத்திய விளிம்பு மாட்டி, முனை உள்ளேயே தங்கிவிடும்.

போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார், சிட்கா ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர், ஆஷ், பிர்ச் என்று பல மரங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது சீடார். கூம்பு சீவும்போதே கற்பூரமும் இஞ்சியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும், மரமும் வெண்ணெய் போல் வழிவிடும். ஆனால் அகல முனைக்குப் பின்னால் ஒடியாமல் தாங்குவதில் ஆஷ் போன்ற வன்மரம் அதைவிட உறுதி.

வால் மெலிந்த தண்டு என்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: முன்பகுதி முழுக்க 11/32 அங்குலம், பின்னால் கடைசி 9 அல்லது 10 அங்குலத்தில் மெல்லச் சிறுத்து 5/16 அங்குலம். வால் இலேசாவதால் எடை முன்னால் நகரும். வில்லைக் கடக்கும்போது இறகுப் பக்கத்துக்கு இடம் கிடைக்கும், அம்பும் சீக்கிரம் நேராகும். அகல முனைக்கு இந்த வடிவம் பொருத்தமாக இருப்பது அதனால்தான்.

தடித்த பக்கம்தான் முனைக்கு. கேட்டால் ‘இதைக்கூடச் சொல்ல வேண்டுமா’ என்று தோன்றும். என் அக்கா மகன் தன் முதல் டஜனைச் செய்ய உட்கார்ந்தபோது, பன்னிரண்டில் இரண்டை வால் பக்கத்தில் சீவி முடித்துவிட்டு, “மாமா, இந்த ரெண்டுல மட்டும் முனை உள்ள போய்க்கிட்டே இருக்கு” என்று கொண்டு வந்தான். சிறுத்த பக்கத்தில் வெட்டிய கூம்பு பூணுக்குள் முழுக்க மூழ்கிப் போயிருந்தது. அதற்கு அப்புறம் எங்கள் வேலை மேசையில் ஒரு வழக்கம்: தண்டுக் கட்டைப் பிரித்தவுடன் தடித்த முனை எல்லாவற்றிலும் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி இல்லாத பக்கத்தில் சீவும் கருவி போகக் கூடாது.

தண்டை அறையில் இரண்டு மூன்று வாரம் கிடையாகப் போட்டு வையுங்கள். ஈரம் ஏறிய மரத்தில் பூண் மாட்டினால், மரம் காய்ந்து சுருங்கும்போது முனை தளர்ந்துவிடும்.

நேராக்குவதும் நறுக்குவதும்

தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து உருட்டிப் பாருங்கள். நடுவில் இருக்கும் சின்ன வளைவைவிட முன்பக்கம் கடைசி மூன்று அங்குலத்தில் இருக்கும் வளைவுதான் நமக்குப் பகை. தண்டைச் சூடு தாங்கும் அளவுக்கு அடுப்பு அனலில் காட்டி, வளைவின் மேட்டை உள்ளங்கை அடியால் அழுத்தி, ஆறும் வரை அப்படியே பிடித்திருந்தால் நேராகிவிடும். கூம்பு சீவுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வளைந்த நுனியில் நேராகச் சீவிய கூம்பும் வளைந்த கூம்புதான்.

நீளத்தைப் பொறுத்தவரை, நாணை முழுக்க இழுத்து நிற்கும்போது அலகின் பின்விளிம்பு வில்லையும் வில் பிடித்த கை விரலையும் தொடாமல் குறைந்தது ஒரு அங்குலமாவது முன்னால் நிற்க வேண்டும். பயிற்சி முனைக்குச் சரியாக இருந்த நீளம் அகல முனைக்குப் போதாமல் போகலாம். விரல் வெட்டுப்படுவது இங்கேதான். இன்னொருவரை அருகில் நிற்க வைத்து, முனை போடாத நீளத் தண்டை நாணில் மாட்டி இழுத்து, வில்லின் முன்பக்கத்துக்கு நேரே தண்டில் குறி போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு அங்குலம் விட்டு, கூம்புக்கு வேண்டிய நீளத்தையும் சேர்த்து நறுக்குங்கள். பல் நெருக்கமான சிறு ரம்பம் நல்லது. தண்டைச் சுற்றிக் காகித நாடா ஒட்டிவிட்டு அதன் மேல் அறுத்தால் நார் பிய்யாது.

கூம்பு

ஒட்டும் வகை முனைகளின் பூண் எல்லாம் 5 டிகிரிக் கூம்பு. குதைப் பக்கத்துக் கூம்பு 11 டிகிரி. அது குட்டையாக, மொண்ணையாக இருக்கும். பென்சில் சீவி போல் இருக்கும் கைக்கருவியில் பெரும்பாலும் இரண்டு துளையும் அருகருகே இருக்கும். நான் 5 டிகிரித் துளையைச் சுற்றிச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

முதலில் பூணின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, விளிம்பில் நகத்தால் பிடித்து எடுத்து அளந்தால் போதும். முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை இருக்கும்; ஒவ்வொரு வகை முனைக்கும் சற்று மாறும். கூம்பின் நுனி பூணின் அடியைத் தொடும் முன்பே பக்கச் சுவர்கள் முழுக்கப் பற்றிவிட வேண்டும். நுனி முதலில் போய் இடித்தால் முனை ஒரு குச்சியின் மேல் கவிழ்த்த தொப்பி போல் ஆடும். அப்படி இடித்தால் கூம்பின் நுனியை ஒரு மில்லிமீட்டர் வெட்டித் தள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

சீவும்போது எல்லோரும் செய்வது அழுத்துவது. அழுத்தினால் கத்தி நாரைக் கடித்து இழுக்கும், கூம்பு ஒரு பக்கம் பள்ளமாகும். கருவியை மேசையில் அசையாமல் வைத்து, தண்டை மட்டும் சுற்றுங்கள். தண்டின் எடையைத் தவிர வேறு அழுத்தம் வேண்டாம். சீவல் ஒரே நீள இழையாக, வெங்காயத் தோல் கனத்தில் சுருண்டு வந்தால் கத்தி கூராக இருக்கிறது, கையும் சரியாக இருக்கிறது என்று பொருள். தூளாக உதிர்ந்தால் நிறுத்தி, கத்தியைத் தீட்டுங்கள். ஒரு டஜன் தண்டுக்கு நான் நடுவில் ஒரு முறையாவது தீட்டுகிறேன். சுழலும் உப்புத்தாள் வட்டும், அதற்கு 5 டிகிரியில் சாய்ந்த பிடிமானமும் இருந்தால் இன்னும் சுத்தமான கூம்பு வரும். முடிச்சும் முறுக்குமாக இருக்கும் வன்மரத்துக்குக் கத்தியைவிட அதுதான் எனக்கு நம்பிக்கை.

மெலிந்த தண்டுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. சீவும் கருவியின் வழித்துளை சீரான விட்டத்துக்குச் செய்யப்பட்டது. வால் மட்டும் மெலிந்த தண்டில் முன்பகுதி சீராக இருப்பதால் தொந்தரவு இல்லை. ஆனால் முழு நீளத்துக்கும் மெலிந்துகொண்டே போகும் தண்டுகளும், மத்தளம் போல் நடு தடித்து இரு பக்கமும் சிறுத்த தண்டுகளும் உண்டு. அவை துளையில் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும். சுற்றும்போது தண்டு மயிரிழை சாய்ந்துவிடும், கூம்பு அச்சை விட்டு விலகிவிடும். தளர்ந்த பக்கத்தில் காகித நாடாவை ஒன்றிரண்டு சுற்று சுற்றி, தண்டு துளைக்குள் வழுக்கிக்கொண்டு, ஆனால் ஆடாமல் போகும்படி செய்துகொள்ளுங்கள். முழு மெலிவுத் தண்டு ஒரு டஜன் செய்து, எட்டு அம்புகள் ஒரே மாதிரித் தள்ளாடி, காரணம் தேடி இரண்டு வாரம் அலைந்த பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

கூம்பு வந்தாயிற்று. இப்போது பென்சில் சோதனை. மெத்தென்று கறுப்பாக எழுதும் பென்சிலை எடுத்துக் கூம்பு முழுக்கக் கிறுக்குங்கள். பூணை மாட்டி, லேசாக அழுத்தி, கால் சுற்று திருப்பிக் கழற்றுங்கள். பூண் தொட்ட இடமெல்லாம் பென்சில் கரி தேய்ந்து பளபளக்கும். தொடாத இடம் மங்கலாகவே இருக்கும். முழுக்கப் பளபளத்தால் மகிழ்ச்சி. நுனியில் மட்டும் பளபளத்தால் நுனி தடித்திருக்கிறது, கூம்பு போதிய அளவு ஒடுங்கவில்லை. அடியில் விளிம்பருகே மட்டும் பளபளத்தால் நுனி அதிகம் மெலிந்துவிட்டது. தண்டை அரை அங்குலம் நறுக்கிப் புதிதாகச் சீவ நீளம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் கூம்பு வட்டமாக இல்லை. உப்புத்தாளை ஒரு தட்டைக் குச்சியில் சுற்றி, பளபளக்கும் இடத்தை மட்டும் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, மறுபடி கிறுக்கிச் சோதியுங்கள். கையால் தேய்த்துச் சரிசெய்வது மிகச் சிறிய குறைக்கு மட்டும்தான். பத்து இழுப்பு வேண்டியிருந்தால் அது புதிதாகச் சீவ வேண்டிய கூம்பு.

ஆனால் பென்சில் சோதனை ஒன்றைச் சொல்லாது. கூம்பு அருமையான வட்டமாக, பூணில் கச்சிதமாக உட்கார்ந்து, அப்படியும் தண்டின் அச்சுக்குச் சாய்வாக இருக்கலாம். அதைச் சுழற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால் பசைக்கு முன்பே, வறட்டு முனையை இறுக்கி மாட்டி, ஒரு தடவை கட்டையில் நிறுத்திச் சுழற்றிவிடுங்கள்.

எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது

ஆடுகிறது என்றால் மூன்று குற்றவாளிகள்தான்: வளைந்த தண்டு, சாய்ந்த கூம்பு, முனையே கோணல். மூன்றையும் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது.

இரண்டு அட்டைப்பெட்டிகளின் விளிம்பில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டு போட்டு, அதில் தண்டைப் படுக்க வையுங்கள். நுனிக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி, தண்டை மெல்ல உருட்டுங்கள். நுனி எந்த நிலையில் மிக மேலே போகிறதோ, அந்த நிலையில் தண்டின் மேற்பக்கத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். அலகின் மேற்பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது முனையைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டி, மறுபடி உருட்டுங்கள். நுனி மிக மேலே போகும்போது பென்சில் கோடு மேலே இருந்தால் குற்றம் கூம்பிலோ தண்டிலோ இருக்கிறது. மைப்புள்ளி மேலே இருந்தால் முனைதான் கோணல். பூண் விளிம்பு இருக்கும் இடமே ஏறி இறங்கினால் தண்டு வளைந்திருக்கிறது, கூம்பைத் தொடாதீர்கள்.

புது முனைகள் எல்லாம் நேராக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பூணை அலகோடு பற்றவைக்கும்போது மயிரிழை விலகியவை வரத்தான் செய்யும். கூம்பின் சாய்வும் முனையின் சாய்வும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால், முனையைத் திருப்பித் திருப்பி மாட்டும்போது ஒரு கோணத்தில் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். அந்தக் கோணத்தில் அம்பு உறங்கும். கிடைத்ததும் பூணிலும் தண்டிலும் ஒரே நேர்க்கோடாகக் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு அலகு முனையை நிமிர்ந்து வைப்பதா, படுத்து வைப்பதா என்று பலர் கேட்பார்கள். பறக்கும்போது அம்பு சுழன்றுகொண்டே போவதால் எய்யும் கணத்தில் அலகு எந்தப் பக்கம் இருந்தது என்பது பறத்தலை மாற்றாது. உறங்கும் கோணம் எதுவோ அதுதான் சரியான கோணம்.

ஆனால் அலகின் தீட்டு பற்றி ஒரு கவனம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிவு தீட்டிய அலகு இருந்தால், அதன் சரிவும் இறகின் வாகும் ஒன்றாக இருக்க வேண்டும்: இடச்சரிவு அலகுக்கு இடச்சிறகு இறகு (பறவையின் இடச் சிறகிலிருந்து எடுத்தது), வலச்சரிவு அலகுக்கு வலச்சிறகு இறகு. மாறிப் போட்டால் முன்னால் இருப்பது ஒரு பக்கமும் பின்னால் இருப்பது மறுபக்கமும் அம்பைத் திருகப் பார்க்கும்.

குதையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்டின் வெட்டு முகத்தில் தெரியும் வளைய ரேகைகளுக்குக் குறுக்காகக் குதையின் பிளவு அமைய வேண்டும். அப்போதுதான் நெருக்கமான கோடுகள் உள்ள பக்கம் வில்லில் சாயும். மேற்பக்கத்தில் தீச்சுடர் போல் நீளும் ரேகையின் கூர்நுனிகள் அம்பு முனையைப் பார்த்திருக்கட்டும். எய்யும்போது தண்டு ஒடிந்தால் பிளவு கையை நோக்கி வராமல் மேலே விலக அதுவே வழி.

பசையும் சூடும்

பூணின் உட்புறத்தில் எண்ணெய் இருக்கும். பஞ்சைக் குச்சியில் சுற்றி, அசிட்டோனில் நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும் வரை துடையுங்கள். அசிட்டோன் முழுக்க ஆவியான பிறகு, அந்தப் புட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகுதான் நெருப்பு. தண்டுக்கு மெருகு பூசுவதானால் கூம்பை நாடாவால் மூடிவிட்டுப் பூசுங்கள். பசை வெறும் மரத்தைத்தான் பற்றும்.

நான் சூட்டில் உருகும் பசைக் குச்சிதான் பயன்படுத்துகிறேன். எபாக்ஸி இன்னும் பலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூட்டுப்பசையில் முனை ஆடினால் மறுபடி சூடு காட்டித் திருப்பலாம். இந்த வேலையில் மறுபடி திருப்ப முடிவதுதான் பெரிய வரம். எபாக்ஸி போடுபவர்கள் வறட்டுச் சோதனையில் கோணத்தை முடிவு செய்துவிட்டு, பசை வழியாமல் இருக்க முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

அலகைத் தடித்த ஈரத்துணியில் சுற்றி, குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் விளக்கின் சுடரில் பூணின் அடிப்பகுதியை மட்டும் காட்டிச் சுற்றுங்கள். சில விநாடிக்கு ஒரு முறை எடுத்து, பசைக் குச்சியைப் பூணில் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் பசை வழுக்கினால் சூடு போதும். அதற்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம். எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வைக்கோல் நிறம் ஏறும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். அலகில் அந்த நீலம் வந்துவிட்டால் பதம் போய்விட்டது என்று பொருள். என்னிடம் அப்படி ஒரு முனை இருக்கிறது. பூணை விட்டுவிட்டு நுனியைச் சுடரில் காட்டி, சூடு தானாகக் கீழே இறங்கட்டும் என்று விட்டேன். மயில் கழுத்து நிறத்தில் பார்க்க அழகாக இருந்தது. எத்தனை தீட்டினாலும் அதன் பிறகு அது கூரைப் பிடிக்கவே இல்லை.

கூம்பில் உருகிய பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். கட்டியாக வேண்டாம். பிறகு சூடான பூணை அதன் மேல் வைத்து, திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். இரண்டு சுற்று திருகினால் பசை எல்லாப் பக்கமும் பரவிவிடும். உடனே, முன்பு போட்ட குறிகளை நேராகச் சேர்த்து, தண்டை நிமிர்த்தி, நுனியை மரக்கட்டையில் ஊன்றி அழுத்துங்கள்.

கையை எடுத்தவுடன் முனை மெதுவாக மேலே எழும்பி வருவதைச் சில நேரம் பார்க்கலாம். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து தள்ளுகிறது. பசை இறுகும் வரை அழுத்திப் பிடித்திருந்தால் போதும். அடிக்கடி இப்படி ஆனால், கூம்பின் நீளவாக்கில் கத்தி முனையால் நூலளவு ஒரு கீறல் போடுங்கள். காற்றும் மிச்சப் பசையும் அதன் வழியே வெளியேறிவிடும். கீறல் போட ஆரம்பித்த பிறகு என் முனைகள் எழும்புவதே இல்லை.

பசை இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே கட்டையில் நிறுத்திச் சுழற்றுங்கள். உறங்கினால் அப்படியே ஆற விடுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம், மரம் ஊறும். ஆடினால் சூடு காட்டி, எட்டில் ஒரு சுற்று திருப்பி, மறுபடி சுழற்றுங்கள். விளிம்பில் வழிந்த பசை தோல் போல் இறுகிய பதத்தில் நகத்தால் உரித்தால் ஒரே வளையமாக வந்துவிடும்.

அலகைத் தீட்டும் வேலையை இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மொண்ணையான அலகைப் பொருத்துவது விரலுக்குப் பாதுகாப்பு, தீட்டும்போது தண்டே நல்ல கைப்பிடி. தீட்டிய பிறகு அலகுகளுக்குத் தடித்த அட்டையில் உறை செய்து போடுங்கள். கட்டையில் ஊன்றி அழுத்தும் எந்த வேலையையும் உறை இல்லாமல் செய்ய வேண்டாம்.

மரத்தண்டு ஒடிந்தால் பெரும்பாலும் பூண் விளிம்பை ஒட்டித்தான் ஒடியும். மரம் மெலிந்து, இரும்பு முடிந்து, வளைவு முழுக்க அங்கே வந்து சேர்கிறது. அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ள, விளிம்புக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, மெல்லிய பசையால் மூடலாம். இது புதிய யோசனை இல்லை. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய மனிதரான ஓட்ஸியின் அம்பறாத்தூணியில் 14 தண்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டுதான் வேலை முடிந்த அம்புகள். அந்த இரண்டிலும் தீக்கல் முனையைப் பிர்ச் மரத் தாரால் ஒட்டி, நூலால் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு தண்டு இன்னும் முடியவில்லை என்பதைப் படித்தபோது, என் மேசையில் பாதியில் கிடக்கும் தண்டுக் கட்டைப் பார்த்து எனக்கு ஒரு நெருக்கம் தோன்றியது. நூல் சுற்றைவிட உறுதி வேண்டுமானால், தண்டின் முன்பகுதியில் வன்மரத் துண்டை நீண்ட ஆப்பாகச் செருகி ஒட்டிய தண்டுகள் கிடைக்கின்றன. அவற்றில் கூம்பு முழுக்க வன்மரத்தில் அமையும்.

எய்து பார்ப்பது

பயிற்சி முனையும் அகல முனையும் ஒரே எடையில் இருக்கட்டும். 125 கிரெய்ன் என்றால் இரண்டுமே 125 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம். ஒரு டஜன் முனைகளைத் தராசில் போட்டால் இரண்டு மூன்று கிரெய்ன் வித்தியாசம் இருக்கும். கனமானதை இலேசான தண்டோடு ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். எடை கூடிய முனைக்கு மாறினால் தண்டு அதிகம் வளையும், கூடுதல் விறைப்புள்ள தண்டு வேண்டியிருக்கும்.

அகல முனைக்கு அனுமதி உள்ள இலக்கில் மட்டும் எய்யுங்கள். பல மைதானங்களில் அதற்கு அனுமதி இல்லை; அலகு இலக்கை அறுத்துவிடும். வேட்டையைப் பொறுத்தவரை சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதைத் தெரிந்துகொள்ளாமல் காட்டுக்குள் இந்த முனையோடு போக வேண்டாம். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். மூன்று பயிற்சி அம்பு, மூன்று அகல முனை அம்பு என்று மாற்றி மாற்றி எய்து, எங்கே குவிகின்றன என்று பாருங்கள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு, அகல முனைகள் இடப்பக்கம் குவிந்தால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் குவிந்தால் விறைப்பு போதவில்லை. இடக்கையால் இழுப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, ஒரே ஒரு அம்பு மட்டும் திசைமாறிப் போனால் வில்லைத் தொடாதீர்கள். அந்த ஒரு அம்பை எடுத்து மறுபடி கட்டையில் சுழற்றுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை அது உறங்காத அம்பாகத்தான் இருக்கும். இதற்காகவே தண்டில் எண் எழுதி வைக்கிறேன்.

இலக்கிலிருந்து உருவிய பிறகு ஒவ்வொரு அம்பையும் லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வந்தால் பூணுக்குள் நார் விட்டிருக்கிறது. அந்தத் தண்டு இனி நாணில் ஏறக் கூடாது. முனையைக் கழற்ற, முன்போலவே பூணின் அடியைச் சூடாக்கி, குறட்டால் நேராக இழுங்கள். திருகி இழுத்தால் கூம்பு ஒடிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் உள்ளே இருக்கும் மரத்தில் ஒரு திருகாணியைத் திருகி ஏற்றி, பூணை மறுபடி சூடாக்கி, ஆணியைப் பிடித்து இழுங்கள்; துண்டு முழுசாக வந்துவிடும். பூணின் உட்புறத்தைத் துடைத்து, காய வைத்து, அடுத்த தண்டுக்கு எடுத்து வையுங்கள்.